மழைப் போத்தல் வைத்திருந்த மதினி

எங்கள் மதினிக்குப் பாலித்தீவுக்கு விமான டிக்கெட் எடுத்தவன் நான். பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயமொன்றில், ஒற்றை அறைக் காம்பராவில் பிறந்து, மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டு, மரக்கறி லொறியில் மூட்டை தூக்கியவன். இன்றைக்குப் பண்டாரவளையில் மூன்று லொறியும் இரண்டு மாடி வீடும் இருக்கிறது. யாரும் கைதூக்கி விட்டதில்லை. அதைச் சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை. ஆனால் எழுபது தாண்டிய பிறகு, சொல்லிச் சொல்லி எனக்கே வாய் வலிக்கிறது. கேட்கிறவர்களுக்கும் காது வலிக்குமாக இருக்கும். ஆகவே இப்போது மதினியைப் பற்றிச் சொல்கிறேன். அவர் இறந்து மூன்று வருஷம் ஆகிறது.

மதினி என் அண்ணன் மனைவி. அண்ணன் இளவயதிலேயே மஞ்சள் காமாலையில் போய்விட்டார். பிள்ளை இல்லை. தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் முப்பது வருஷம் ஆயம்மாவாக இருந்தார். தாய்மார் கொழுந்து எடுக்க மலை ஏறினால், கைக்குழந்தைகள் எல்லாம் அவரிடம்தான். வரிசையாகத் தொட்டில். பத்து மணிக்குப் பால் கொடுத்து ஆட்டிவிட்டால் அத்தனையும் தூங்கும். அத்தனை பேர் தூங்குகிற இடத்தில் ஒரு ஆள் முழித்திருக்க வேண்டும் இல்லையா? அந்த ஒரு ஆள் மதினி. வேலையிலிருந்து நின்ற பிறகும் அது அவரை விடவில்லை. எந்த இடத்துக்குப் போனாலும், எவ்வளவு பெரிய கூட்டமென்றாலும், எல்லோரும் தூங்கின பிறகு முழித்திருந்து, எல்லோருக்கும் முன்னால் எழுப்பிவிடுகிற ஆள் அவர்தான்.

எங்கள் பக்கத்து மலைகளில் வருகிற மண்சரிவில் யாரையோ பறிகொடுத்திருப்பார், அதனால்தான் இப்படி என்று கேட்கிறவர்கள் நினைப்பார்கள். அப்படி ஒன்றும் இல்லை. ஒருவரையும் பறிகொடுக்கவில்லை. அவர் ஆள் அப்படி.

நான் லொறிக்குப் போன காலத்தில் கோழி கூவுவதற்கு முன்பே ரோட்டுக்கு வந்து நிற்க வேண்டும். ஒரு நாள்கூட நானாக எழும்பியதில்லை. காம்பராக் கதவில் இரண்டு தட்டு விழும். "தம்பி, லொறி வந்துரும்." அவ்வளவுதான். வேறு புத்திமதி கிடையாது, தேத்தண்ணி கிடையாது. யாரும் கைதூக்கி விட்டதில்லை என்று சொன்னேனே, அது இப்போதும் உண்மைதான். தூக்கி விடுவது வேறு, எழுப்பி விடுவது வேறு.

ஒரு வருஷம் லயத்து ஆட்கள் எல்லாம் சேர்ந்து கதிர்காமம் போனோம். பஸ் நான் பிடித்துக் கொடுத்தது. திரும்பி வரும்போது வெல்லவாய தாண்டியதும் பஸ் முழுக்கக் குறட்டை. மதினி மட்டும் டிரைவருக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். வயது அப்போதே ஐம்பதுக்கு மேல்.

"ஆயம்மா, போய் உக்காருங்க. எனக்குத் தூக்கம் வரல்ல" என்றார் டிரைவர்.

"வரும்போது சொல்லிட்டா வரும்? நீங்க ஓட்டுங்க. ஒங்க ஊரு எது, எத்தன பிள்ளைங்க?"

எல்ல வரைக்கும் அந்த மனிதனின் பரம்பரையை முழுக்கக் கேட்டு முடித்துவிட்டார். இறங்கும்போது டிரைவர் என்னிடம் சொன்னார்: "மொதலாளி, அடுத்த வருசம் இந்தம்மாவைக் கூட்டிட்டு வர்றதா இருந்தா கூட நூறு ரூவா குடுங்க. தூங்காததுக்கு இல்ல, பதில் சொன்னதுக்கு."

என் மகள் கவிதாவின் கல்யாணத்தைப் பதுளையில் பெரிய மண்டபத்தில் வைத்தேன். அந்த மண்டபத்தில் கல்யாணம் வைத்த முதல் லயத்துக்காரன் நான்தான் என்று சொல்வார்கள், நானும் மறுப்பதில்லை. தாலி கட்டுகிற நேரம் நெருங்குகிறது. மதினியைக் காணோம். தேடிப் போனால், மண்டபத்துப் பின்கதவுக்கு முன்னால் நின்று மனேஜரோடு சண்டை. பின்கதவை மறித்து சோடாப் பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறார்களாம்.

"மதினி, கல்யாணத்துக்கு வந்தீங்களா, இல்ல இங்க வேலைக்குச் சேந்துட்டீங்களா?" என்று எரிந்து விழுந்தேன்.

"ஒங்க மகதான் உள்ள மணவறையில இருக்கா, தம்பி. அந்தப் பெட்டிய ஒரு கை புடிங்க."

பட்டு வேட்டியோடு பதினெட்டுப் பெட்டி நகர்த்தினேன். பிறகுதான் அவர் உள்ளே வந்து அட்சதை போட்டார். அன்றைக்குத் தீயும் பிடிக்கவில்லை, ஒன்றும் நடக்கவில்லை. மதினி பார்த்துப் பார்த்து வைத்த எந்த இடத்திலும் ஒன்றும் நடந்ததில்லை. அதனால்தான் எங்களுக்கெல்லாம் அவர் ஒரு வேடிக்கையாகிப் போனார்.

பிறகு லயத்துக்கு மேலே மலையில் வெடிப்பு வந்தது. அரசாங்கத்திலிருந்து அளக்கிற ஆட்கள் வந்தார்கள், பார்த்தார்கள், எழுதினார்கள். இந்த இடத்தில் குடியிருக்கக் கூடாது என்று ஒரு கடிதம் வந்தது. வேறு இடத்தில் வீடு தருவதாகச் சொல்லிக் காணி காட்டினார்கள், கல் நட்டார்கள். கல்லைச் சுற்றிப் புல் வளர்ந்தது. வீடு வரவில்லை. அதுவரைக்கும் வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு கண்ணாடி போலத் தெரிகிற பிளாஸ்டிக் போத்தலைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். மழையைப் பிடித்து அளக்கிற போத்தல். அதில் மூன்று கோடு. மஞ்சள் கோட்டுக்குத் தண்ணீர் வந்தால் கவனம். அடுத்த கோட்டுக்கு வந்தால் மூட்டையைக் கட்டு. சிவப்புக் கோட்டைத் தொட்டால் லயமே எழும்பிப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும். யார் இதைப் பார்ப்பது என்று கேட்டபோது ஒருவரும் வாய் திறக்கவில்லையாம். மதினி கை நீட்டி வாங்கிக்கொண்டார்.

இருபத்திரண்டு குடும்பம். மழை பெய்தால் மதினி படுப்பதில்லை. சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு போத்தலடிக்குப் போவதும் வருவதும்தான். சிவப்பைத் தொட்டால் ஒரு பழைய தகரப் பேசினைத் தட்டிக்கொண்டு காம்பரா காம்பராவாகப் போவார். சனம் எழும்பும். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு, பள்ளிக்கூடத்துச் சிமெந்துத் தரையில் போய்ச் சுருண்டு கிடக்கும். விடிந்ததும் எல்லோரும் திரும்பி ஓடி வருவார்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போகாவிட்டால் அன்றைய பேர் விழாது, பேர் விழாவிட்டால் சம்பளம் இல்லை. மலை அப்படியே நிற்கும். இப்படி ஒரு தடவையா, இரண்டு தடவையா? எனக்குத் தெரிந்து ஒரே மழைக்காலத்தில் மட்டும் ஒன்பது தடவை.

மூன்றாம் வருஷம் எல்லோருக்கும் சலித்துவிட்டது. கடைசிக் காம்பராவில் இருந்த செல்வி என்ற பிள்ளை, வயிற்றில் பிள்ளையோடு இருந்தாள், என் காது கேட்கவே சொன்னாள்:

"ஆயம்மா, ஒண்ணு அந்த மலை விழட்டும், இல்லாட்டி இந்த மழை நிக்கட்டும். எனக்கு இடுப்பு போச்சு."

மதினிக்குக் கோபம் வரவில்லை. "எனக்கும்தாண்டி" என்றார்.

"மதினி, எங்கூட வந்துருங்க. மேல் மாடியில மூணு ரூம் சும்மா கெடக்கு" என்று நான் எத்தனையோ தரம் கூப்பிட்டிருக்கிறேன்.

"இருவத்திரெண்டு குடும்பத்துக்கும் எடம் இருக்கா, தம்பி?" என்பார். அதற்கு மேல் பேச்சு வளராது.

இந்த நிலையில்தான் பாலித்தீவுப் பயணம் வந்தது. கவிதா டீச்சர். டிசம்பர் லீவுக்கு ஏதாவது வெளிநாடு போகலாம் என்றாள். நான் இந்தியாவுக்கு நாலு தரம் போனவன். ஆனால் கோயிலைத் தவிர ஒன்றும் பார்த்ததில்லை. சரி, எது நல்ல இடம் என்று கேட்டேன். பாலித்தீவு என்றாள். கடல், கோயில், வயல், நடுவில் நெருப்பு மலை. என் வீட்டுக்காரி ஒரே பிடியாக, "அக்காவும் வந்தாத்தான் நான் வருவேன். அவ ஒரு நாளாவது தூங்கட்டும்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மதினி பஸ் ஏறிப் பண்டாரவளைக்கு வருவார். எங்கள் வீட்டு ஹோலில் உட்கார்ந்து பயணத் திட்டம் போடுவோம். எந்த ஹோட்டல், எத்தனை நாள், என்ன சாப்பாடு. மருமகன் கடற்கரை என்பான். நான் ஐந்து நட்சத்திரம் என்பேன். மதினி வாயைத் திறக்கமாட்டார். ஒரு ஞாயிறு கவிதா போனில் அந்த நெருப்பு மலையைக் காட்டினாள். உச்சியிலிருந்து புகை வருகிறது. அடிவாரத்தில் வயல், வீடு, கோழி, பிள்ளைகள்.

மதினி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்ட வந்தார். "இந்த மலைக்குக் கீழ ஆளுக குடியிருக்காங்களா?"

"நிறையப் பேர் இருக்காங்க, பெரியம்மா."

"அவுங்கள யாரு எழுப்புறது?"

மருமகன் சிரித்துவிட்டான். கவிதா சிரிக்கவில்லை. தேடிப் பிடித்து இன்னொரு படம் காட்டினாள். மலைக்கு எதிரே ஒரு சின்னக் கட்டடம். உள்ளே தொப்பி போட்ட ஒரு மனிதர், நடுங்கிக்கொண்டே கோடு போடுகிற ஒரு மெஷினைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மலைக்குள்ளே அசைந்தால் அந்தக் கோடு ஆடுமாம். ஆடினால் ஊருக்குச் சொல்வாராம்.

"இவரு எப்ப தூங்குவாரு?" என்றார் மதினி.

கவிதா வாசித்துப் பார்த்து, "ஒருத்தர் இல்ல, பெரியம்மா. அஞ்சு பேரு. முறை வச்சுப் பாக்குறாங்க" என்றாள்.

"அஞ்சு பேரா!"

பவுன் நகையைப் பார்த்தவர்போல அந்த மனிதரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "தம்பி, கடல் கிடல் எல்லாம் நீங்க பாருங்க. என்னை அந்த எடத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. அந்த அஞ்சு பேர்ல ஒருத்தரையாவது பாத்துரணும். எப்படி முறை பிரிக்கிறாங்கன்னு கேக்கணும்" என்றார்.

வாழ்க்கையில் அவர் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். மறுநாளே ஐந்து டிக்கெட்டுக்கும் சொல்லிவிட்டேன். பத்தரமுல்லைக்கு என் வண்டியிலேயே கூட்டிப்போய்ப் பாஸ்போர்ட் எடுத்துக் கொடுத்தேன்.

அந்த நாளிலிருந்து மதினிக்கு ஒரே வேலை, லயத்தில் ஐந்து பேர் சேர்ப்பது. காம்பரா காம்பராவாக ஏறி இறங்கினார். "எட்டு நாளைக்குத்தான். நான் வந்ததும் மறுபடி நான் பாத்துக்குவேன்." எல்லோரும் சரி சரி என்பார்கள். மழை வருகிற அன்றைக்கு ஒருவனுக்குக் காய்ச்சல், ஒருவனுக்குத் தண்ணி, ஒருத்திக்குப் பிள்ளை அழுகிறது. பகல் முழுக்க மலையில் நின்று வருகிற சனம். குறை சொல்லவும் மனம் வராது. கடைசியில் தேறியது ஒரே ஆள். ஃபெக்டரியில் காவலுக்கு இருந்து ரிட்டயரான வாச்சர் முத்தையா. என்னைவிட மூத்தவர்.

மதினி அவருக்குப் பாடம் எடுத்ததை நான் பார்த்தேன்.

"முத்தையாண்ணே, செவப்பத் தொட்டா என்ன செய்வீங்க?"

"பேசினத் தட்டுவேன்."

"யாருகிட்டக் கேப்பீங்க?"

"யாருகிட்டயும் கேக்க மாட்டேன்."

"தலைவருகிட்ட?"

"கேக்க மாட்டேன்."

"தொரைகிட்ட?"

"அட, கேக்க மாட்டேன்மா! கோடுதான் தொரை."

இந்தக் கேள்வியை அவர் ஏன் திரும்பத் திரும்பக் கேட்டார் என்பது தோட்டத்தில் பிறந்தவனுக்குத் தெரியும். எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கங்காணியைக் கேட்காமல் கூடையை இறக்கக் கூடாது, கணக்கப்பிள்ளையைக் கேட்காமல் வீட்டுக்குப் போகக் கூடாது, துரையைக் கேட்காமல் ஒரு பலகை அடிக்கக் கூடாது என்று தலைமுறை தலைமுறையாகப் பழக்கி வைத்திருக்கிறார்கள். வீடு பற்றி எரிந்தாலும் மேலே ஒரு ஆளைக் கேட்டுவிட்டுத்தான் தண்ணீர் ஊற்றுவோம்.

பயணத்துக்கு மூன்று வாரம் இருந்தது. ஒரு தடவை ஒத்திகை பார்த்துவிடலாம் என்று மதினியே சொன்னார். ஒரு சனிக்கிழமை போத்தலை முத்தையாவிடம் ஒப்படைத்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். இரண்டு மணிக்குச் சாப்பிட்டார். மேல் மாடி ரூமில் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். என் வீட்டுக்காரி பேசிக்கொண்டே இருக்க, அப்படியே சாய்ந்தவர் தூங்கிவிட்டார். எனக்குத் தெரிந்து ஐம்பது வருஷத்தில் மதினி தூங்கி நான் பார்த்ததில்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. குறட்டைகூட வந்தது. என் வீட்டுக்காரி வெளியே வந்து, "சத்தம் போடாதீங்க" என்று கதவைச் சாத்திவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

மூன்று மணிக்கு மழை பிடித்தது. பண்டாரவளையில் பெரிதாக இல்லை, ஒரு சாதாரண மழை. ஆறு மணி இருக்கும், என் போன் அடித்தது. முத்தையா.

"மொதலாளி, செவப்பத் தொட்டுருச்சு. தட்டவா?"

"மதினி என்ன சொல்லிட்டு வந்தாங்க?"

"யாரையும் கேக்காதன்னாங்க. இருந்தாலும்... சனம் எல்லாம் இப்பதான் வேலை விட்டு வந்து அடுப்பு மூட்டுது. தட்டுனா ஏசுவாங்க. நீங்க பெரிய ஆளு. நீங்க ஒரு வார்த்தை சொன்னா..."

நான் ஜன்னலால் எட்டிப் பார்த்தேன். தூறல்தான். மேல் மாடியில் மதினி தூங்குகிறார். எழுப்பினால் அடுத்த பஸ்ஸிலேயே ஓடுவார், பாலியும் இல்லை ஒன்றும் இல்லை. ஒன்பது தடவை ஓடி ஒன்பது தடவையும் சும்மா திரும்பி வந்த சனம். முப்பது வருஷமாக என்னிடம் கேட்கிறவர்களுக்கெல்லாம் நான் பதில் சொல்லி வந்திருக்கிறேன். எனக்குத் தெரியாது என்று யாருக்கும் சொன்னதில்லை.

"இங்க மழை விட்டுருச்சு, முத்தையாண்ணே. சனத்த அலைக்கழிக்காதீங்க. ஒண்ணும் ஆகாது, நான் சொல்றேன்" என்றேன்.

"சரிங்க மொதலாளி" என்றார். அவர் குரலில் நிம்மதி கேட்டது.

மதினி மறுநாள் காலை ஆறு மணி வரைக்கும் தூங்கினார். எழும்பி வந்தவர் முகமே வேறாக இருந்தது, பத்து வயது குறைந்தது போல. "எம்மாம் மழை பேஞ்சிச்சு?" என்று கேட்டார். "ஒண்ணுமில்ல மதினி. முத்தையா நல்லாப் பாத்துக்கிட்டாரு" என்றேன். தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அப்ப போயிரலாம், தம்பி" என்றார். கவிதாவைக் கூப்பிட்டு, அந்தத் தொப்பிக்காரருக்குத் தமிழ் தெரியாதே, யார் பேசித் தருவது என்று விசாரித்தார்.

ஏழு மணிக்கு லயத்திலிருந்து போன் வந்தது. விடியற்காலை மேட்டிலிருந்து மண் சரிந்து வந்துவிட்டது.

எல்லோரும் வண்டியில் போனோம். மலை முழுக்க வரவில்லை. ஒரு பக்கம் சரிந்து, விறகுக் கொட்டிலை மூடி, செல்வியின் காம்பரா வாசற்படியைத் தொட்டு நின்றிருந்தது. படிக்கு உள்பக்கம், பாயில், பிறந்து இரண்டு மாதமான பிள்ளை. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. எல்லோரும் சாமி காப்பாற்றியதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

முத்தையா ஓடி வந்து மதினியின் காலடியில் உட்கார்ந்துவிட்டார். "தொட்டுச்சும்மா. ஆறு மணிக்கே தொட்டுச்சு. மொதலாளிகிட்டக் கேட்டேன். அவருதான் ஒண்ணும் ஆகாதுன்னாரு."

லயமே பார்த்துக்கொண்டு நின்றது. மதினி என்னைப் பார்க்கவில்லை. உள்ளே போய், பிள்ளையைத் தூக்கி, செல்வியிடம் கொடுத்து, "மேல் காம்பராவுக்குப் போ" என்றார்.

நான் போன் போட்டு ஒரு மணி நேரத்தில் மண் வழிக்கிற பெக்கோ மெஷின் வரவழைத்தேன். ஞாயிற்றுக்கிழமையில் அந்த ரோட்டுக்கு பெக்கோ வரவழைக்க என்னைத் தவிர யாராலும் முடியாது. மத்தியானத்துக்குள் மண்ணெல்லாம் வழித்து எடுத்தாயிற்று. மதினி அந்த மெஷின் பக்கம் தலையைக்கூடத் திருப்பவில்லை.

எல்லோரும் கலைந்த பிறகு அவர் பக்கத்தில் போய் நின்றேன். கால் கடுத்தது. உட்காரச் சொல்வார் என்று பார்த்தேன், சொல்லவில்லை.

"ஒண்ணும் நடக்கலையே, மதினி."

"நடக்கலதான்."

"பயணத்த நிப்பாட்டிறாதீங்க. இனிமே நானே வர்றேன். அஞ்சு பேர் முறையில என்னையும் ஒரு ஆளாப் போடுங்க. லொறியெல்லாம் மருமகன் பாப்பான்."

"வேணாம் தம்பி. நீங்க தங்கச்சியையும் மக மருமகனையும் கூட்டிட்டுப் போயிட்டு வாங்க. சந்தோசமாப் போங்க."

"ஏன் மதினி? எம்மேல கோவமா?"

அப்போதுதான் என்னைப் பார்த்தார். கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அந்தக் கண்ணில் களைப்பைத் தவிர ஒன்றும் இல்லை. காலையில் குறைந்த பத்து வயதும் திரும்பி வந்திருந்தது.

"நேத்து நான் தூங்குன தூக்கம் எனக்கு யாரும் குடுத்ததில்ல. நீங்க பாசத்துலதான் செஞ்சீங்க, எனக்குத் தெரியுது. ஆனா, நீங்க தூங்க விடுற ஆளு, தம்பி. இங்க எழுப்பிவிடுற ஆளுதான் வேணும்."



மேற்கே மறுபடியும் இருட்டிக்கொண்டு வந்தது. முத்தையா இன்னும் குந்தியபடியே இருந்தார். மதினி அவர் தோளைத் தொட்டு எழுப்பி, "போய்ப் படுங்கண்ணே. நான் இருக்கேன்" என்றார்.